இடதுகால் பூட்ஸின் மணல்

கல்லேரிப்பட்டு காலனியின் கடைக்கோடியில், பழைய தோல் மண்டிக்குச் சொந்தமாயிருந்து பிறகு பஞ்சாயத்துக்குக் கைமாறிய உப்புக் கிடங்கில் நடந்துவந்த போர்க் காட்சியகத்தில், நூறு வருஷத்துக்கு மேலாகக் காய்ந்து கிடந்த இடதுகால் பூட்ஸ் ஒன்று ஆடி மாதத்துக் காலையொன்றில் மணல் சொரியத் தொடங்கியது. கதவைத் திறக்க வந்த மாசிலாமணி, பலகைக்குக் கீழே முறம் நிறையக் குவிந்திருந்த மணலைப் பார்த்தார், சாய்ந்து கிடந்த பூட்ஸின் வாயிலிருந்து அது மெல்லிய நூலாக வழிவதைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். பெருக்கி முடித்தபோது முன்பிருந்த அளவு மறுபடி சேர்ந்திருந்தது. ஆயுசு முழுக்க முதலாளிகளோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு இது புதிதில்லை. மறுபடியும் பெருக்கினார்.

அது பாலாற்று மணல் இல்லை. பாலாற்று மணல் எப்படியிருக்கும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், அது இருந்த காலத்தில். லாரிகள் வந்து அள்ளிப்போனபிறகு ஆற்றில் மிஞ்சியது களியும் கருவேல முள்ளும்தான். இந்த மணல் மாவைப்போல நுணுக்கமாயிருந்தது, வெந்தயத்தின் நிறத்திலிருந்தது, உள்ளங்கையில் எடுத்தால் வெயிலில் கிடந்த தட்டைத் தொட்டதுபோல் சுட்டது.

மாசிலாமணி தோல் பதனிடும் தொட்டியில் முழங்கால் வரை நின்று வேலை செய்தவர். பள்ளிக்கூடம் போகாமல், யாரோ தோல் ஷாப்பின் வாசலில் வீசிவிட்டுப்போன துண்டறிக்கைகளை எழுத்துக் கூட்டிப் படித்தே படித்தவரானவர். ஆகவே அவர் எழுதுவதெல்லாம் துண்டறிக்கை மாதிரியே இருக்கும். சங்கம் கட்டினார், சிறைக்குப் போனார், சங்கம் இரண்டாக உடைந்தபோது இரண்டு பக்கமும் அவரைத் தள்ளிவைத்தது. அதன்பிறகு தொடங்கியதுதான் இந்தக் காட்சியகம். முதல் உலகப் போரில் வெள்ளைக்காரன் மெசபடோமியாவுக்குக் கப்பலேற்றிய காலனி ஆட்களுக்காக அதை வைத்திருந்தார். காலனியில் அந்தத் தேசத்தை மெசப்பட்டு என்பார்கள், அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்போல. போனவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்படவில்லை; பள்ளம் தோண்டவும் ரோடு போடவும் பிணம் புதைக்கவும் மண்வெட்டி கொடுக்கப்பட்டது.

அதனால் காட்சியகத்திலும் துப்பாக்கி கிடையாது. பிடி தேய்ந்த மண்வெட்டிகள், சாக்கில் தைத்த சட்டை, ஒரு கோவேறு கழுதையின் வார், நெளிந்த தகர டம்ளர், இவைதான். மண்வெட்டிக்குக் கீழே அட்டையில் அவர் எழுதியிருந்தார்: ‘இது தோண்டிய பள்ளத்தில் படுத்துச் சுட்டவனுக்குப் பதக்கம். தோண்டியவனுக்கு?’ தகர டம்ளருக்குக் கீழே: ‘இதில் தண்ணீர் எப்போதும் பாதிதான்.’ பூட்ஸுக்குக் கீழே: ‘பாலைவனம் நடந்த தோழனின் கால்.’ அந்த பூட்ஸை அங்கிருந்து கொண்டுவந்தவன் இன்னாசி, திரும்பி வந்தவர்களில் நெடுநாள் உயிரோடிருந்தவன். யாருடையது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்னது, இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க என்பது மட்டும்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போனான்.

பஸ் நிற்கிற முக்கூட்டில் ஒரு கல் இருந்தது. பெரும் போருக்குப் போன ஊர்த்தெரு சிப்பாய்களின் பேர் அதில் வரிசையாக வெட்டியிருந்தது, தகப்பன் பேரோடு. எல்லாவற்றுக்கும் கீழே, கல் முடிகிற இடத்தில், ‘மற்றும் கூலியாட்கள் பலர்’. மாசிலாமணியின் சண்டையெல்லாம் கடைசியில் இந்தப் ‘பலர்’ என்கிற சொல்லோடு வந்து நின்றது. வருஷா வருஷம் கல்லுக்கு மாலை போடுகிற நாளில் எதிர்ப்புறம் கறுப்புக்கொடியோடு நிற்பார். முதலில் கூட்டமாக நின்றார்கள், பிறகு சிலராக நின்றார்கள், பிறகு அவர் மட்டும் நின்றார், கடைசி வருஷங்களில் போலீஸ்காரர்களே அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. எங்கள் ஆட்களின் பேர் அந்தக் கல்லில் ஏறாமல் நான் கண்ணை மூடமாட்டேன் என்று காலனிப் பெண்களிடம் சொல்லியிருந்தார், அவர்களும் அவருக்கு வயசாவதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணல் வந்த இரண்டாம் நாள் ரூபாவதி வந்து பார்த்தாள். மாசிலாமணியோடு சிறையிலிருந்த தோழரின் விதவை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். பூட்ஸைக் கையிலெடுத்துக் குலுக்கினாள், அடியைத் தட்டினாள், மணல் அவள் முழங்கை வழியாக இறங்கிப் புடவை மடிப்பில் நிறைந்தது. ஓட்டை எதுவும் இல்லை, மணல் அதுபாட்டுக்கு வருகிறது என்று சொல்லிவிட்டு, பூட்ஸின் முன்பக்கத்தை விரலால் அளந்தாள்.

“ண்ணா, இது நம்ம ஆளு காலு இல்ல. வெறுங்காலோட நடந்தவனுக்கு விரலு விசிறி மாதிரி இருக்கும். இதுல அந்தக் காலு நுழையவே நுழையாது. பூட்ஸு போட்டே வளந்தவன் இவன்.”

“நீ செருப்பு தைக்கிற வேலையப் பாரு” என்றார் மாசிலாமணி. “வரலாறு எனக்குத் தெரியும்.”

“ஆமா, வரலாறு உன்னக் கேட்டுக்கினுதான் நடந்துச்சி” என்றாள் அவள், மடியிலிருந்த மணலை உதறாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அவள் உதறாததற்குக் காரணம் இருந்தது. வெளியூரில் செத்துப்போனவனின் குழிமேட்டிலிருந்து யாராவது ஒரு பிடி மண் கொண்டுவந்து, இங்கே புதைத்து விளக்கேற்றினால்தான் அவன் வீடு வந்து சேர்ந்ததாகக் காலனியில் கணக்கு. பம்பாயில் செத்தவனுக்கும் பிடிமண் வந்திருக்கிறது, துபாயில் செத்தவனுக்குத் தபாலில்கூட வந்திருக்கிறது. மெசப்பட்டுக்குப் போய் எடுத்துவர யாரும் இல்லாததால், பிடிமண் தானே கிளம்பி வருகிறது என்று பெண்கள் பேசி முடிவு செய்தார்கள். அதற்குமேல் அவர்களுக்கு அதில் விளக்கம் தேவைப்படவில்லை. ஆளுக்கொரு டம்ளரில் எடுத்துப்போய் விளக்கு மாடத்தில் வைத்தார்கள். மிதிக்கக் கூடாதென்று குழந்தைகளை வேறு சந்தில் சுற்றிப் போகச் சொன்னார்கள். கடவுள் இல்லை என்று மேடை மேடையாகப் பேசிய மாசிலாமணிக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் அவர் படித்த எந்தத் துண்டறிக்கையும் பூட்ஸிலிருந்து வருகிற மணலைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை, ஆகவே வாயை மூடிக்கொண்டு பெருக்கினார்.

ஆவணியில் மணல் கதவைத் தாண்டியது. கடலை வறுக்கிற செல்லக்கண்ணு இதில் வறுத்தால் சூடு ஆறவே மாட்டேன்கிறது என்று கூடை கூடையாக வாங்கிப்போனான். அவன் கடலை தின்றவர்களுக்குத் தண்ணீர் தாகம் தீராமல் போனது, பக்கத்து சோடாக்கடை பிழைத்தது. பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுகிற குழியை நிரப்பினார்கள். கோழிகள் அதில் முட்டையிட்டு, அடைகாக்காமல் எழுந்து போய்விட்டன. குஞ்சுகள் தாமாகவே முட்டையை உடைத்து வெளியே நடந்தன. எந்த ஆபீஸ் என்று சொல்லாத அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, அனுமதி இல்லாமல் மணல் எடுப்பது குற்றம் என்றார். ஆற்றில் எடுத்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார் மாசிலாமணி. நாங்கள் எடுக்கவில்லை, அது வருகிறது. வருகிற மணலைத் தடுக்கச் சட்டம் இருந்தால் பூட்ஸுக்கு நோட்டீஸ் கொடுங்கள் என்றார். அதிகாரி ஒரு பொட்டலம் மணல் கட்டிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் வேதகிரி ஊர்த்தெருக்காரர், கல்லில் இருக்கிற பேர்களில் ஒன்றுக்குப் பேரன். முக்கூட்டுக் கல்லுக்கு மேல் மண்டபம் எழுப்புவதென்றும், மண்டபத்துக்கு வரும் வண்டிகளை நிறுத்த உப்புக் கிடங்கை இடித்து இடம் விடுவதென்றும் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தார். ஆற்று மணல் இல்லாமல் மண்டபம் நின்றுபோயிருந்தது. இப்போது வாசலிலேயே மணல் இருக்கிறது, அதுவும் இடிக்கப்போகிற கிடங்கிலிருந்தே வருகிறது. டிராக்டர் வைத்து அள்ளிப்போனார். பிடிமண்ணில் சிமெண்டைக் கலக்காதீர்கள் சாமி என்று பெண்கள் குறுக்கே நின்று சொன்னார்கள். மாசிலாமணி டிராக்டருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஆற்றை விற்ற ஊர் பூட்ஸிலிருந்து வருகிற மணலைக் கொண்டு மண்டபம் கட்டட்டும், பார்க்கலாம் என்று நினைத்தார்.

மண்டபம் திறக்கிற அன்று, மாலை போட்டுக்கொண்டு ரிப்பன் வெட்டக் கையை நீட்டிய பெரிய மனிதரின் தலையில் காரை கொட்டியது. அந்த மணல் எதோடும் ஒட்டவில்லை. தூண்கள் சாயங்காலத்துக்குள் எலும்புக்கம்பிகளாக நின்றன, தரையில் மணல் எப்படி வந்ததோ அப்படியே கிடந்தது, சிமெண்ட் மட்டும் எங்கோ போய்விட்டது.

புரட்டாசியில் மணல் முக்கூட்டுக்கு வந்து சேர்ந்தது. பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே திரும்பிக்கொண்டன. மணல் கல்லைச் சுற்றி ஏறியபோது முதலில் மூடியது ‘பலர்’ என்கிற வரியைத்தான். பிறகு அதற்கு மேலே இருந்த பேரை, பிறகு அதற்கும் மேலே இருந்ததை. தாத்தாவின் பேர் மணலுக்குள் போவதைப் பொறுக்காத ஊர்த்தெரு ஆட்கள் காலையில் மண்வெட்டியோடு வந்து தோண்டினார்கள், பேர் தெரிந்ததும் வீட்டுக்குப் போனார்கள், மறுநாள் காலை மறுபடி வந்து தோண்டினார்கள். உள்ளங்கை கொப்பளித்தது. மாசிலாமணி எதிர்ப்புறம் நின்று அதைப் பார்த்தார், இந்த முறை போலீஸ்காரர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

அங்கேதான் வேதகிரி வந்து பேசினார். வேட்டியில் தொடை வரை மணல்.

“இன்னாய்யா மாசிலாமணி, ஊரே புதையுது, நீ நாற்காலி போட்டுக்கினு வேடிக்கை பாக்கற. அதை நிறுத்தறதுக்கு இன்னா பண்ணணும்?”

மாசிலாமணிக்கு அதை நிறுத்துகிற வழி தெரியாது. ஆனால் எதிரி எப்போது பேச்சுவார்த்தைக்கு வருகிறான், எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு வித்தையை ஆயுசு முழுக்கக் கற்றிருந்தார்.

“அது ஸ்ட்ரைக்கு பண்ணுது, தலைவரே. கோரிக்கை ஒண்ணுதான். தோண்டினவங்க பேரு எல்லாம் கல்லுல ஏறணும். ஏறினா நிக்கும்.”

ரூபாவதி அன்று சாயங்காலம் அவரை வழிமறித்துக் கேட்டாள், நீ சொன்னா அது கேக்குமா என்று. இந்த ஊரில் நான் சொன்னதை யார் கேட்டார்கள், அது மட்டும் கேட்க வேண்டுமா என்றார் அவர். அப்புறம் எந்த தைரியத்தில் சொன்னாய் என்றாள். எந்த ஸ்ட்ரைக்கில் முன்கூட்டியே தெரிந்தது என்று கேட்டுவிட்டு நடந்தார், ஆனால் கிடங்குக்குப் போய் பூட்ஸின் எதிரில் நெடுநேரம் நின்றார், காட்டிக்கொடுத்துவிடாதே என்று ஒரு தடவை சொன்னார், சொன்னதற்கு வெட்கப்பட்டார்.

பஞ்சாயத்து இறங்கி வந்தது. கல்லை மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, காலியாயிருந்த அதன் முதுகை முன்பக்கமாகத் திருப்பி நட்டார்கள். பேர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை, காகிதம் வைத்திருந்தவர்கள் அவர்களை எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் காலனியில் யார் செத்தாலும் ஒப்பாரியின் முடிவில் மெசப்பட்டுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பேரைப் பெண்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள், கூப்பிடாமல் விட்டால் இன்றைக்குச் செத்தவன் வழியில் அவர்களைத் தெரியாமல் தாண்டிப்போய்விடுவான் என்று. அந்தப் பெண்கள் அதுவரை உட்காராத முக்கூட்டில் வட்டமாக உட்கார்ந்து, சாவு எதுவும் இல்லாமலே கூப்பிடத் தொடங்கினார்கள்: சடையன், தொப்புளான், கன்னியப்பன், அருளப்பன், அவன் தம்பி பவுலு, வழியிலேயே செத்துக் கப்பலிலிருந்து கடலில் இறக்கப்பட்ட ராக்கன். சிற்பி வெட்டிக்கொண்டே வந்தார், குரல்கள் போய்க்கொண்டே இருந்தன, ஊர்த்தெரு மாடிகளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்போது கீழே இறங்கி வந்து நின்றோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கல்லின் பழைய பக்கத்திலிருந்த, ‘பலர்’ என்று முடிகிற வரியை மாசிலாமணி தானே உளியெடுத்துக் கொத்தி எடுத்தார். கொத்திய இடத்தில் எதையும் எழுதக் கூடாது, அந்தத் தழும்பு அப்படியே இருக்கட்டும் என்று சிற்பியிடம் சொன்னார்.

மணல் நிற்கவில்லை.

ஊர் கிடங்கின் முன்னால் கூடியது, காலனியும் ஊர்த்தெருவும் சேர்ந்தே கூடியது, அதற்கு முன் எதற்கும் அப்படிச் சேர்ந்ததில்லை. ஏமாற்றிவிட்டான் என்றார்கள் சிலர். கிழவன் சாவதற்கு முன் ஆசையைத் தீர்த்துக்கொண்டான் என்றார்கள் சிலர். பெண்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாசிலாமணி படியில் நின்றார். அவருக்குப் பின்னால் மணல் வழிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“பேரு எல்லாம் ஏறினா நிக்கும்னு சொன்னேன்” என்றார். “நிக்கலன்னா, எல்லாப் பேரும் ஏறல. யாரை விட்டீங்கன்னு யோசிங்க.”

அது தப்பிப்பதற்குச் சொன்ன வார்த்தை. ஆனால் கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முடிவெட்டுகிற சிங்காரவேலு கையைத் தூக்கி, எங்கள் தாத்தாவின் சித்தப்பாவும் போனார், சிப்பாய்களுக்குச் சிரைக்க, அவரை எந்தத் தெருவும் கூப்பிடவில்லை என்றான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு துணி வெளுக்கப் போனவர் பேர் வந்தது, தண்ணீர்ப்பை சுமந்த தஸ்தகீரின் பேர் மசூதித் தெருவிலிருந்து வந்தது. ஐப்பசிக்குள் மற்ற ஊர்களிலிருந்து ஆட்கள் மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள், திருப்பத்தூரிலிருந்து, செய்யாற்றிலிருந்து, தங்கவயலிலிருந்து, ஒரு பேரை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்கள். கல் போதாமல் இரண்டாவது கல் நட்டார்கள். கிடங்கை இடிக்கிற தீர்மானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை; இடித்தால் பூட்ஸை எங்கே வைப்பது?

ஒரு நாள் உச்சிவெயிலில், தெருவில் நாய்கூட இல்லாத நேரத்தில், வேதகிரி தனியாகக் கிடங்குக்கு வந்தார். தலைவரான பிறகு அவர் காலனிக்குள் கூட்டமில்லாமல் நடந்து வந்தது அதுதான் முதல்முறை. மண்வெட்டிகளைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், அதன் கீழேயிருந்த அட்டையைப் படித்துவிட்டு அங்கேயே நின்றார். மாசிலாமணி துடைப்பத்தை நிறுத்தவில்லை.

வேதகிரி சொன்னது இது. அவருடைய தாத்தாவுக்கு ஒரு அண்ணன், பார்த்தசாரதி. சிப்பாயாகப் போனவன். கல்லில் தம்பி பேர் இருக்கிறது, அண்ணன் பேர் இல்லை. வீட்டில் கேட்டால் ரங்கூனுக்கு ஓடிப்போய்விட்டான் என்பார்கள். அப்பா சாகிற தறுவாயில்தான் உண்மையைச் சொன்னார். மெசபடோமியாவில் ஒரு கோடையில், பள்ளம் தோண்டியவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்கும் வரை சுடு என்று பார்த்தசாரதிக்கு உத்தரவு. அவன் துப்பாக்கியை மணலில் போட்டான், பூட்ஸைக் கழற்றினான், போய் அவர்களோடு உட்கார்ந்தான். மறுநாள் அவனைச் சுட்டார்கள். காலனி ஆட்களோடு உட்கார்ந்து செத்தான் என்பதுதான் குடும்பத்துக்கு அவமானம், சுடப்பட்டது இல்லை.

மாசிலாமணியின் கை நின்றது. ரூபாவதி அளந்து பார்த்த பூட்ஸை அவர் திரும்பிப் பார்த்தார். இன்னாசி கடலைத் தாண்டிச் சுமந்துவந்து, யாருடையது என்று சொல்லாமலே செத்துப்போன பூட்ஸ். சொல்லியிருந்தால் ஊர்த்தெரு அதை என்ன செய்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காலனி என்ன செய்திருக்கும் என்பதும் தெரிந்திருக்கலாம். நம்முடைய முதல் ஸ்ட்ரைக்கு தோல் மண்டியில் நடந்தது, நான் நடத்தியது என்று அவர் எத்தனையோ மேடைகளில் மார்தட்டியிருக்கிறார். ஊர்த்தெருவில் ஒருவன்கூட நம்மோடு உட்கார்ந்ததில்லை என்றும் அதே மேடைகளில் சொல்லியிருக்கிறார், அந்த ஒரு வரிக்குத்தான் கைதட்டல் அதிகம். அந்தக் கசப்பு அவருக்குச் சோறு மாதிரி. அதை இந்த வயசில் கீழே வைக்கச் சொல்கிறான் இவன்.

“அந்தப் பேரும் ஏறணும்ண்ணா” என்றார் வேதகிரி. அவர் வாயிலிருந்து அந்த ‘ண்ணா’ முதல்முறையாக வந்தது, வந்ததை இருவருமே கவனிக்காததுபோல இருந்தார்கள். “எங்க பக்கத்துல வேணாம். எங்க வீட்டு ஆளுங்களே ஒத்துக்க மாட்டாங்க. உங்க பக்கத்துல இடம் இருந்தா…”

மாசிலாமணி உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார், வேதகிரி பின்னால் வந்தார். முக்கூட்டில் கல்லின் பழைய பக்கத்தை மூடியிருந்த மணலை இரண்டு பேரும் கையாலேயே விலக்கினார்கள். ஊர்த்தெருப் பேர்களெல்லாம் முடிகிற இடத்தில், ‘பலர்’ இருந்து கொத்தப்பட்ட தழும்பு இருந்தது, எதுவும் எழுதக் கூடாதென்று அவர் விட்டிருந்த இடம். அங்கே வெட்டினார். சிற்பியின் எழுத்துபோல அழகாக இல்லை, துண்டறிக்கையின் தலைப்புபோலத் தடித்த எழுத்தாக வந்தது: பார்த்தசாரதி, தோண்டியவர்களோடு உட்கார்ந்தவன். மாடியிலிருந்து யாரோ பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று வேதகிரி நிழலுக்குப் போகாமல் நின்றார்.

கிடங்குக்குத் திரும்பினார்கள். மாசிலாமணி ‘பாலைவனம் நடந்த தோழனின் கால்’ என்ற அட்டையை எடுத்தார், படித்தார், மாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்று அதே இடத்தில் வைத்தார். பிறகு இருவரும் பூட்ஸைப் பார்த்தபடி நின்றார்கள். மணலின் நூல் மெலிந்தது, அறுவதுபோல நடுங்கியது, பிறகு முன்பைப்போலவே வழிந்தது.

“இன்னும் நிக்கலியே” என்றார் வேதகிரி. அழுகிற குரல் அது.

“இன்னும் ஆளு இருக்குது” என்றார் மாசிலாமணி. மூலையில் சாத்தியிருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்துத் தலைவரின் கையில் கொடுத்தார். “வாசப்பக்கம் நீ பாரு. அடுத்த ஆளு பேரோட வர்றப்ப கதவு திறக்கணும்.”